முத்திரைக் கண்காட்சிக்குத் திருகோணமலையில் பதக்கம் செய்வித்தோம்: கடை எப்படி?

முதலே சொல்லிவிடுகிறேன். இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் கப்பும் மெடலும் வேண்டுமென்றால் இந்தக் கடைக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். முத்திரைக் கண்காட்சிக்கு என்றாலும் போகலாம், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு, வேண்டியதையெல்லாம் வடிவாக எழுதிய ஒரு கடதாசியோடு, முடிந்தால் சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தத்தையும் போட்டுக்கொண்டு போங்கள். காந்தம் எதற்கென்று பிறகு வரும்.

கடையின் பெயரைப் போடவில்லை, குறையும் சொல்லப் போகிறேன் என்பதால். சந்தைப் பக்கமிருந்து நடந்தே போகக்கூடிய இடம். முன்பக்கம் கண்ணாடி அலுமாரி நிறையக் கிண்ணங்கள், பின்னுக்கு ஒரு லேசர் மெஷின், ஒரு கொம்பியூட்டர், சுவரெல்லாம் பெயர்ப்பலகை மாதிரிகள். திருமண வீட்டுக்குப் போகும் நினைவுச் சின்னம், அலுவலக மேசைப் பெயர், ஓய்வு பெறுகிறவருக்குக் கொடுக்கும் கண்ணாடிக் கேடயம், எல்லாம் அங்கேதான். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் ஜும்மாவுக்குப் பூட்டியிருப்பார்கள், அந்த நேரத்தில் வெயிலில் போய் நிற்காதீர்கள்.

எங்களுக்கு என்ன தேவைப்பட்டது என்றால், ஊரில் முத்திரை சேர்க்கும் சிலர் கூடிப் பாடசாலைப் பிள்ளைகளுக்காக ஒரு சிறிய கண்காட்சி வைத்தோம். ஒரு பிள்ளைக்கு ஒரு சட்டம். சட்டம் என்றால் ஏ4 அளவில் பதினாறு தாள் மாட்டும் பலகை, நாலு வரிசையில் நாலு நாலாக. உலகக் கண்காட்சிகளில் பெரியவர்கள் முதல் முறை போட்டியிடும்போது இப்படி ஐந்து சட்டம், அதாவது எண்பது தாள் வைப்பார்கள். 85 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ எடுத்துக் காட்டியவர்களுக்குப் பிறகு எட்டுச் சட்டம் கிடைக்கும். பிள்ளைகளுக்கு ஒன்றே போதும், அந்தப் பதினாறு தாளை நிரப்புவதற்கே சிலர் மூக்கால் அழுதார்கள்.

சரி, கடைக்கு வருவோம். கடைக்கார நானா நல்ல மனிதர், வயதானவர், ஓர்டர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "முதலாமிடம் ஒண்டு, ரெண்டாமிடம் ஒண்டு, மூண்டாமிடம் ஒண்டு. அவ்வளவுதானே தம்பி?"

இல்லை நானா, எத்தனை பேருக்குத் தங்கம் என்று இப்போது தெரியாது என்றேன். எத்தனை பேருக்கு வெள்ளி? அதுவும் தெரியாது. ஒருவருக்கும் தங்கம் இல்லாமலும் போகலாம், ஏழு பேருக்குக் கிடைத்தாலும் கிடைக்கலாம். அவர் பேனையை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அவரைக் குறை சொல்ல முடியாது. ஓட்டப் போட்டியில் யார் முன்னுக்கு வந்தாரோ அவருக்குத் தங்கம், அவர் நடந்து வந்தாலும் மற்றவர்கள் தவழ்ந்து வந்திருந்தால் தங்கம்தான். முத்திரைக் கண்காட்சியில் அப்படியில்லை. உங்கள் சட்டத்தைப் பக்கத்துச் சட்டத்தோடு ஒப்பிட்டு ஒருவரும் இடம் கொடுப்பதில்லை. நூறுக்கு இத்தனை என்று நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள், எந்த எல்லையைத் தாண்டுகிறீர்களோ அந்தப் பதக்கம். ஓ.எல். பரீட்சையில் 75 எடுத்தவர்கள் எல்லோருக்கும் ஏ கிடைப்பது போல என்று சொன்னேன், அந்த இடத்தில்தான் நானாவுக்கு வெளித்தது. "அப்ப வகுப்பு முழுக்க ஏ எடுக்கலாம்" என்றார். எடுக்கலாம். வகுப்பு முழுக்க ஃபெயிலும் ஆகலாம்.

இந்த முறை ஒன்றும் நாங்கள் கண்டுபிடித்ததல்ல. 1926 இல் தொடங்கிய சர்வதேச முத்திரைச் சேகரிப்புக் கூட்டமைப்பு, எஃப்.ஐ.பி. என்று எல்லோரும் சொல்வது, அதன் விதிப்படி உலகக் கண்காட்சிகளில் எட்டுப் படி இருக்கிறது. 60 எடுத்தால் வெண்கலம், 65 க்கு வெள்ளி வெண்கலம், 70 க்கு வெள்ளி, 75 க்குப் பெருவெள்ளி, 80 க்கு வெர்மெய், 85 க்குப் பெருவெர்மெய், 90 க்குத் தங்கம், 95 க்குப் பெருந்தங்கம். அறுபதுக்குக் கீழே என்றால் பங்குபற்றியதற்கு ஒரு சான்றிதழ். ஆசியாவுக்கென்று 1974 இலிருந்து எஃப்.ஐ.ஏ.பி. என்ற தனிக் கூட்டமைப்பும் இருக்கிறது. உள்ளூர்க் கண்காட்சிகளில் எட்டையும் வைத்து மாரடிப்பதில்லை, "பெரு" எல்லாவற்றையும் கழித்துவிட்டு ஐந்தாக்கிக்கொள்வார்கள். நாங்களும் ஐந்துதான் வைத்தோம், பிள்ளைகளுக்கென்று எல்லைகளையும் கொஞ்சம் கீழே இறக்கினோம்.

ஐந்து என்றதும் கடையில் அடுத்த சிக்கல். அலுமாரியில் இருக்கும் பதக்கம் மூன்றே நிறம்: பொன்னிறம், வெள்ளி நிறம், பழைய செம்பு நிறம். வெர்மெய் என்பது வெள்ளிக்கு மேல் பொன் முலாம் பூசியது, தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையில் நிற்பது. அதை நாகக் கலவையில் வார்த்து எங்கிருந்தோ பெட்டி பெட்டியாக வரும் மலிவுப் பதக்கத்தில் எப்படிக் காட்டுவது? பொன்னிறம் என்றால் தங்கம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். லேசர் மெஷினில் இருந்த தம்பி பாதிப் பொன்னிறம் பாதி வெள்ளி நிறமாக ஸ்பிரே அடித்துத் தரலாம் என்றார். ஐயோ வேண்டாம் என்றேன்.

இங்கேதான் இந்தக் கடைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். நானா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னது இது: பதக்கம் எல்லாம் ஒரே நிறத்தில், பழைய செம்பு நிறத்தில், மொத்தமாக வாங்குங்கள். முன்பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே படம். பின்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். தரத்தைக் கழுத்து நாடாவின் நிறத்தில் காட்டுவோம், நாடா மலிவு, மிச்சம் வந்தால் கவலையில்லை. தீர்ப்பு வந்த பிறகு, பெயரும் தரமும் பொறித்த சின்னத் தகட்டை அன்று பின்னேரமே அடித்துத் தருகிறேன், நீங்கள் பின்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பல பெரிய கண்காட்சிகளிலும் ஒரே அச்சில் அடித்துவிட்டு முலாமிலும் எழுத்திலும்தான் வித்தியாசம் காட்டுகிறார்கள். முத்திரை ஒன்றைக்கூடச் சேர்த்திராத மனிதர் அந்த வழிக்குத் தானாகவே வந்து சேர்ந்துவிட்டார். ஆகவே பதக்கக் கடை தேடுகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நடுவர் முடிவு வந்த அன்றே பொறித்துத் தருவீர்களா? கொழும்பில் இதைவிடப் பளபளப்பாகச் செய்கிறார்கள், தெரியும். ஆனால் அவர்கள் ஒரு வாரத்துக்கு முன்னாலேயே பெயர்ப் பட்டியல் கேட்பார்கள், கூரியரில் வந்து சேர்வது ஒரு நாள். தனி அச்சு வெட்டி அடிப்பதென்றால் குறைந்தது இத்தனை எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் வேறு, நம்மைப் போன்ற சிறு கண்காட்சிக்கு அது கட்டவே கட்டாது.

இப்போது காந்தம். மாதிரி பார்க்கும்போது இரண்டு வகைப் பதக்கம் எடுத்து வைத்தார்கள், பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், விலையில் நல்ல வித்தியாசம். காந்தத்தை வைத்தால் மலிவானது டக்கென்று ஒட்டிக்கொண்டது. அதாவது உள்ளே இரும்புத் தகடு. நம்முடைய ஊரில், மூன்று பக்கமும் கடலை வைத்துக்கொண்டு, இரும்புப் பதக்கத்தை ஒரு பிள்ளை ஜன்னலோரம் தொங்கவிட்டால் அடுத்த மழைக்குள் நாடாவில் துருக்கறை பிடித்துவிடும். நாகக் கலவை காந்தத்தில் ஒட்டாது, முலாம் மங்கினாலும் துருப்பிடித்து உதிராது. கடைக்காரர்களே இதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. கேட்ட பிறகு மறைக்கவும் இல்லை. "கனபேர் விலை குறைஞ்சதுதான் கேப்பினம், அதான் முதல்ல காட்டுறது" என்றார் தம்பி. சரிதான், ஆனாலும் அரை மதிப்பெண் குறைக்கிறேன்.

முன்பக்கப் படத்துக்கு வருவோம். பதக்கத்தின் நடுவில் ஒட்டுவதற்குக் கடையில் இருக்கும் ஸ்டிக்கர்களில் தீப்பந்தம் இருக்கிறது, கிரிக்கெட் மட்டை இருக்கிறது, திறந்த புத்தகம் இருக்கிறது, வீணைகூட இருக்கிறது. முத்திரை இல்லை, எதிர்பார்க்கவும் முடியாது. நாங்கள் ஒரு படம் கொண்டு போயிருந்தோம். 1935 இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் காலத்தில் வந்த இலங்கைப் படவரிசை முத்திரைகள் இருக்கின்றன அல்லவா, ரப்பர் பால் வெட்டுவது, தேயிலை கொய்வது, காட்டு யானைகள் என்று ஒவ்வொரு பெறுமதிக்கும் ஒரு படம். அந்த வரிசையின் ஒரு ரூபா முத்திரையில் இருப்பது திருகோணமலை. பிறகு ஆறாம் ஜோர்ஜ் காலத்து வரிசையிலும் அதே ஒரு ரூபாவில் நம்முடைய ஊர்தான். நம்முடைய கண்காட்சிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஸ்டிக்கர் வட்டம், முத்திரை செவ்வகம். கடைத் தம்பி யோசிக்காமல் வட்டத்துக்குள் பெரிதாக்கிப் போட்டு ஓரங்களை வெட்டிவிட்டு வாட்ஸப்பில் மாதிரி அனுப்பினார். நாலு மூலையும் போய், ஓரத்துப் பற்களும் போய், பெறுமதி எழுதிய இடமும் பாதி போய் இருந்தது. முத்திரைக்காரனுக்கு இதைப் பார்த்தால் வயிறு கலங்கும். இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1 இல் வந்த 6 பென்ஸ், விக்ரோறியா மகாராணி தலை. அதற்குப் பிறகு 1859 இல் சில பெறுமதிகள் எண்கோணச் சட்டத்துக்குள் வந்தன. 4 பென்ஸ் டல் ரோஸ் (மங்கிய ரோஜா நிறம்) என்று உலகமே தேடும் இலங்கை முத்திரை அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் முத்திரைக்குப் பல் கிடையாது, கத்தரிக்கோலால்தான் வெட்டிப் பிரிப்பார்கள். எண்கோணத்தைக் கண்டதும் அழகாக இருக்கட்டுமென்று நாலு மூலையையும் சேர்த்து வெட்டியவர்கள் அநேகம் பேர். அப்படி மூலை வெட்டிய முத்திரைக்கு இன்று பெறுமதி அடிமட்டம். இதையெல்லாம் தம்பிக்கு விளக்கினேன், அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு "அப்ப சின்னதாக்கிப் போடவா?" என்றார். அவ்வளவுதான். சின்னதாக்கி, முழுச் செவ்வகமும் வட்டத்துக்குள் நிற்க, சுற்றிவரக் கடும் நீலம். நன்றாகவே வந்தது. ரெசின் ஊற்றிய ஸ்டிக்கர் என்பதால் பார்ப்பதற்குக் கண்ணாடிக்குள் வைத்தது மாதிரி இருக்கிறது.

எழுத்து விஷயத்தில்தான் அதிகம் மல்லுக்கட்டினோம். பெயர்களை நாங்கள் ஃபோனில் யூனிகோட்டில் அனுப்புகிறோம். கடையில் இருப்பதோ பழைய வரைகலை மென்பொருள், யூனிகோட்டோடு ஒத்துப்போகாத பாமினி எழுத்துருவில்தான் அவர்களுக்குக் கை ஓடும். நாங்கள் அனுப்பியதை அப்படியே ஒட்டியதும் திருகோணமலை உடைந்து போனது: இரட்டைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது, பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் வேறு. இது இந்தக் கடையின் பிரச்சினை மட்டுமல்ல, ஊரில் எந்தப் பதாகையைப் பார்த்தாலும் ஒரு எழுத்தாவது இப்படி நொண்டுவதைக் காணலாம். தம்பி எல்லாவற்றையும் பாமினிக்கு மாற்றி அடித்தார். மாற்றும்போது ஒரு பிள்ளையின் பெயரில் ளகரம் லகரமாகிவிட்டது, நல்ல வேளை மாதிரியிலேயே பிடித்துவிட்டோம். ஆகவே அவர்கள் அனுப்பும் மாதிரிப் படத்தைச் சின்னத் திரையில் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓகே போடாதீர்கள். பெரிதாக்கி, ஒவ்வொரு பெயராக, பக்கத்தில் இன்னொருவரை வைத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஓகே என்று பதில் போட்ட பிறகு பிழை வந்தால் அது உங்கள் செலவு, அதில் கடை கறார். அது நியாயமும்கூட.

நல்லது என்று சொல்ல வேண்டியது சிறப்புப் பரிசுக்குச் செய்த கேடயத்தை. எல்லோருக்கும் மதிப்பெண்படி பதக்கம் என்றாலும், முழுக் கண்காட்சியிலும் தலைசிறந்தது என்று ஒன்றைத் தெரிவு செய்யும் வழக்கமும் முத்திரை உலகில் உண்டு. உலகக் கண்காட்சிகளில் கிராண்ட் பிரீ என்பார்கள், அதிலும் மூன்று வகை இருக்கிறது. ஏற்கெனவே பெருந்தங்கங்கள் வாங்கிக் குவித்தவர்கள் தனியாக மோதும் சம்பியன் பிரிவுக்குக் கிராண்ட் பிரீ டொனர், கண்காட்சி நடத்தும் நாட்டின் முத்திரைகளை வைத்தவர்களில் சிறந்தவருக்குக் கிராண்ட் பிரீ நஷனல், மற்றவர்களில் சிறந்தவருக்குக் கிராண்ட் பிரீ இன்டர்நஷனல். இதை விளக்கியதும் நானாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இதைத்தானே தம்பி நான் முதல்லயே கேட்டன், முதலாமிடம்!" சரி, அப்படியே வைத்துக்கொள்வோம்.

அந்தக் கேடயத்தை முத்திரை வடிவத்திலேயே செய்யலாம் என்று தம்பி சொன்னார். தடித்த அக்றிலிக்கில் லேசரால் சுற்றிவரப் பல் வெட்டி, அதற்குள் அந்த ஒரு ரூபா முத்திரையின் படத்தை அச்சடித்து, கீழே மரப் பீடம். அருமையான யோசனை. முதலில் செய்த மாதிரியில் மூலைகளை உருண்டையாக்கி, பற்களை நுளம்பு கடித்த மாதிரி அங்கொன்று இங்கொன்றாக வைத்திருந்தார்கள். பொதுவாகப் பார்ப்பவர்களுக்கு அது வடிவாகத்தான் தெரியும். ஆனால் முத்திரைக்காரர்கள் 2 சென்ரிமீற்றர் நீளத்தில் எத்தனை துளை என்று அளந்து, அந்த எண்ணை வைத்து ஒரே படமுள்ள இரண்டு முத்திரைகளை வேறு வேறு என்று பிரிக்கிற கூட்டம். ஆறாம் ஜோர்ஜ் காலத்து இலங்கை முத்திரைகளில் இந்தப் பல் வித்தியாசத்துக்கே தனியாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் இந்தக் கேடயத்தை வைத்தால் பரிசைப் பார்க்க மாட்டார்கள், பல்லைத்தான் எண்ணுவார்கள். திரும்பச் செய்யச் சொன்னோம். இரண்டாவதில் பற்கள் சீராக வந்தன, ஆனால் ஒரு மூலைப் பல் உடைந்திருந்தது. முகம் சுளிக்காமல் அதையும் மாற்றி வெட்டித் தந்தார்கள், காசு கூட்டிக் கேட்கவில்லை. இதுதான் சேவை. அக்றிலிக்கில் மூலைப் பல் எப்போதுமே பலவீனம்தான், ஆகவே இப்படிச் செய்விக்கிறவர்கள் பல்லைக் கொஞ்சம் குட்டையாகவும் அகலமாகவும் வைக்கச் சொல்லுங்கள். அல்லது 1857 ஐப் போலப் பல்லே இல்லாமல் செய்துவிட்டு வரலாற்றைக் காட்டித் தப்பிக்கலாம்.

சான்றிதழையும் அங்கேயே அச்சடித்தோம். தாள் தடிமன் நல்லது, நிறமும் சரி, ஆனால் அவர்களிடம் இருக்கும் வார்ப்புருக்கள் எல்லாம் பூவும் கொடியும் பொன்னிற ரிப்பனுமாக நிறைந்திருக்கும், எழுதுவதற்கு இடமே இல்லை. எங்களுக்கோ பின்பக்கத்தில் மதிப்பெண் விபரம் போட வேண்டும். பதக்கத்தைவிட அந்த விபரம்தான் பிள்ளைகளுக்கு அடுத்த முறை உதவப் போவது. பெரியவர்களின் பாரம்பரியப் பிரிவில் நூறு மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள்: விஷயத்தை எடுத்துச் சொன்ன விதத்துக்கு 20, எடுத்துக்கொண்ட விஷயத்தின் முக்கியத்துவத்துக்கு 10, அறிவுக்கும் சொந்த ஆராய்ச்சிக்கும் 35, முத்திரைகளின் நிலைமைக்கு 10, கிடைப்பதற்கு அரிய தன்மைக்கு 20, பார்வைக்கு வைத்த அழகுக்கு வெறும் 5. ஐந்தே ஐந்து! கப்பல், யானை என்று ஒரு கருப்பொருளை வைத்துச் செய்யும் பிரிவில் பிரிப்பு வேறு, அங்கே திட்டத்துக்கும் கதையை வளர்த்த விதத்துக்கும் கூடப் போகும், ஆனால் அழகுக்கு அங்கேயும் அதே ஐந்துதான். இளையோருக்கு வயதுக்கேற்ப இந்தக் கணக்கு மாறும்.

இந்த அட்டவணையைக் கடையில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, அங்கே வேறு வேலைக்கு வந்திருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, வடிவாய்ச் செய்தால் அஞ்சு மார்க்தானா, பிறகு ஏன் இந்தப் பிள்ளைகள் கலர்ப் பேனைக்கு இவ்வளவு காசு செலவழிக்குதுகள் என்று கேட்டார். அதே கேள்விதான் எனக்கும். கண்காட்சியில் சில சட்டங்களில் முத்திரையைத் தேட வேண்டியிருந்தது, அவ்வளவு பூ வேலை. அப்பா அம்மாமார் இரவிரவாக உட்கார்ந்து செய்தது பார்த்தாலே தெரியும். அரிய தன்மைக்கு 20 என்றதும் பணக்கார வீட்டுப் பிள்ளைதான் வெல்லும் என்று ஒரு அப்பா சண்டைக்கு வந்தார், அதுவும் பிழை. விலை கூடினதெல்லாம் அரியதல்ல. தேடுவார் கூட என்பதால் விலை ஏறிய முத்திரை, தேடினால் எந்த ஏலத்திலும் கிடைக்கும். மூதூர், கிண்ணியா மாதிரி ஊர்த் தபால் கந்தோரின் சீல் தெளிவாக விழுந்த, உண்மையாகவே கடிதம் போய்ச் சேர்ந்த ஒரு பழைய உறை, விலை சொற்பம்தான், ஆனால் இன்னொன்று எங்கே என்று கேட்டால் காட்ட முடியாது. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பான் விமானங்கள் இங்கே குண்டு போட்டன. 1957 வரை பிரித்தானியக் கடற்படை துறைமுகத்தில் இருந்தது. யுத்த காலத்துத் தணிக்கை முத்திரை குத்திய கடித உறைகள் இன்னும் சில வீட்டு அலுமாரிகளின் அடியில் கிடக்கும். எரித்துவிடாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

கண்காட்சி நாள். நடுவர்கள் பின்னேரம்தான் தாளைத் தந்தார்கள், ஒரு சட்டத்துக்கு மட்டும் கொஞ்சம் வாக்குவாதம், பிறகு முடிந்தது. பட்டியலை வாட்ஸப்பில் அனுப்பினோம். மஃரிபுக்குப் பிறகு போனபோது தகடுகள் எல்லாம் அடித்து, வெட்டி, பின்பக்கம் இரட்டை ஒட்டு நாடாவும் போட்டுப் பெயர் வரிசையில் அடுக்கி வைத்திருந்தார் தம்பி. தங்கம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, வெள்ளி வெண்கலம்தான் குவிந்தது. மூன்று நிறத்தில் முன்கூட்டியே பதக்கம் வாங்கியிருந்தால் அன்றிரவு தெருத் தெருவாக அலைந்திருப்போம். நாடாவை மாற்றிக் கோர்த்தோம், முடிந்தது வேலை. வெர்மெய்க்கு நாங்கள் வைத்தது இளம் பச்சை நாடா. ஏன் பச்சை என்று ஒருவரும் கேட்கவில்லை. "தங்கம் என்கிறீங்க, மெடல் செம்பு நிறமாயிருக்கே" என்று ஒரு சின்னவன் மட்டும் முறைத்தான், அவனிடம் பின்பக்கத் தகட்டைக் காட்டிச் சமாளித்தோம், முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன்.

குறைகள் இன்னும் இரண்டு. தகட்டை ஒட்டும் நாடா இந்த வெக்கைக்கு நிற்காது, சில தகடுகள் சில வாரங்களிலேயே ஓரம் கிளம்பிவிட்டன என்று பெற்றோர் சொன்னார்கள். இரு கலவை பசை கேட்டு வாங்குங்கள், காய்வதற்கு நேரம் எடுக்கும், ஆகவே விழாவுக்கு ஒட்டு நாடா, விழா முடிந்து பசை என்று செய்தாலும் சரி. அடுத்தது, ஒவ்வொரு பதக்கத்தையும் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தருகிறார்கள், மணத்தைப் பார்த்தாலே பி.வி.சி. என்று தெரியும். பதக்கத்துக்குப் பரவாயில்லை. ஆனால் அந்த உறை பளபளவென்று இருப்பதைப் பார்த்து இரண்டு பிள்ளைகள் அதற்குள் முத்திரை போட்டு வைத்ததைக் கண்டேன். வேண்டவே வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக்கில் இருந்து கசியும் எண்ணெய்த் தன்மை மையைக் கெடுக்கும், இங்கத்தைய ஈரப்பதத்தில் பின்பக்கப் பசை வேறு ஒட்டிப் பிடிக்கும், பிறகு மண்ணிறப் புள்ளிகள். முத்திரைக்குப் பொலியெஸ்டர் உறைதான் சரி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றையும் பெட்டிக்குள் போடுங்கள். நிலைமைக்கு இருக்கும் அந்த 10 மதிப்பெண் கடற்கரை ஊர்களில் இப்படித்தான் சும்மா போகிறது.

விலையை எழுதவில்லை, மாதத்துக்கு மாதம் மாறுகிறது, இன்று எழுதினால் நாளைக்குப் பொய்யாகிவிடும். கொழும்போடு பார்த்தால் பதக்கம் கொஞ்சம் கூட, பொறிப்பும் தகடும் குறைவு, கூரியரைக் கழித்தால் சரிக்குச் சரி. முற்பணம் பாதி கேட்பார்கள், பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் எழுத மறந்துவிடுவார்கள்.

எங்கள் கணக்கில் நூறுக்கு 82, அதாவது வெர்மெய். பச்சை நாடா. நானாவிடம் சொன்னேன், "ஏன் தம்பி, தங்கத்துக்கு என்ன குறை?" என்று உடனே கேட்டார், காந்தத்தையும் பசையையும் சொன்னேன், ஏற்றுக்கொண்டார்.

ஓர்டர் கொடுக்கிறவர்களுக்கு இன்னும் ஒன்று. மிச்சம் வரும் பதக்கங்களைக் கடை திருப்பி எடுக்காது, முன்பக்க ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் அது உங்களுடையது. ஆகவே ஸ்டிக்கரில் ஆண்டைப் போடாதீர்கள், ஆண்டு தகட்டில் வரட்டும். எங்களிடம் ஒரு சின்னப் பெட்டி நிறைய மிச்சம் இருக்கிறது, அடுத்த கண்காட்சிக்கு நாடாவும் தகடும் மட்டும் வாங்கினால் போதும்.